ஐந்து புள்ளி எட்டு

அக்டோபரில், ஒஹாயோவில் ஒரு மழைச் சனிக்கிழமை,
முப்பத்தோராம் வரிசையில் உட்கார்ந்து
நனைந்த தாளில் எழுதினேன்:
ப்ரூயெட், டேவியன். குவார்ட்டர்பேக்.
கை வலிது. கால் அவசரம்.
இடப்பக்கத்திலிருந்து ஆள் பாய்ந்தால்
பந்தை விட்டுவிட்டுக் கண் அங்கே ஓடிவிடுகிறது.
ஐந்து புள்ளி எட்டு.

எங்கள் கணக்கில் அதற்குப் பொருள்:
இரண்டு வருடம் ஓரமாக உட்காரட்டும்,
பிறகு பார்க்கலாம்.

நவம்பரில் அவன் எறிந்த பந்தொன்று
எதிரியின் தலைக்கவசத்தில் பட்டுத் தெறித்து
தன் ஆளின் மடியிலேயே விழுந்தது.
காக்கை உட்கார்ந்தது, பனம்பழம் விழுந்தது.
அந்தப் பதினோரு விநாடியை
நாடு முழுக்கப் போட்டுக் காட்டினார்கள்,
காக்கையை வெட்டிவிட்டு.

அப்புறம் ஸ்டூடியோ மேசைக்குப் பின்னால் கோட்டு போட்ட நால்வர்.
டிசம்பரில் அவன் முப்பதாவது இடத்துக்குப் போவான் என்றார்கள்.
ஜனவரியில் பதினான்கு.
பிப்ரவரியில் நான்கு.
இதற்கிடையில் அவன்
ஓர் ஆட்டம்கூட ஆடியிருக்கவில்லை.

மார்ச்சில், இண்டியானாபொலிஸில்,
அரைக்கால் சட்டையோடு நிற்கவைத்து அளந்தோம்.
உயரம், எடை,
கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனிவரை
ஒன்பதே முக்கால் அங்குலம்.
மாட்டுச் சந்தையில் விலை பேசும் விரல்களையாவது
ஒரு துண்டு மறைக்கும்.
இங்கே அளவுநாடா அவன் தோலைத் தொடும் முன்பே
கேமரா தொட்டுவிட்டது.

பேட்டிக்குப் பதினைந்து நிமிடம், ஓட்டல் அறையில்.
கிரெய்டன்தான் ஆரம்பித்தார், எங்கள் பொது மேலாளர்:
"உன்னைப் பற்றி என்னென்னவோ சொல்கிறார்களே?"
தண்ணீர் பாட்டிலின் லேபிளை உரித்தபடியே சொன்னான்:
"நானும் பார்த்தேன் சார்.
நல்லா ஆடுறான் போலிருக்கு."

யாரும் சிரிக்கவில்லை.
நான் அதைக் குறித்துக்கொள்ளவும் இல்லை.
எங்கள் படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாது.

அன்றிரவு மோட்டலில்
அந்த மழை ஆட்டத்தை மடிக்கணினியில் மறுபடி ஓட்டினேன்.
அதே மழை. அதே இடப்பக்கம். அதே கண்.
ஆனால் இப்போது அவசரம் வேகமாகத் தெரிந்தது.
பயம் உள்ளுணர்வாகத் தெரிந்தது.
சுவரில் இருந்த டிவியின் ஒலியை
முழுக்கக் குறைத்துத்தான் வைத்திருந்தேன்.
கேட்பதெல்லாம் காது வழியாகத்தான் என்று
யார் சொன்னது?

ஐந்தை அடித்து ஆறு போட்டேன்.
எட்டைத் தொடவில்லை,
ஒரு நேர்மைக்காக.

இன்னொரு பெயரும் என் பட்டியலில் இருந்தது.
எல்டன் யாக்லி, மொன்டானா, இடது கார்டு.
ஒவ்வொரு முறையும் விழுந்தவனைத் தூக்கிவிட்டபின்தான்
தன் இடத்துக்கு நடப்பான்.
அவனை யாரும் படம் பிடிக்கவில்லை,
அவனது கல்லூரியின் ஒற்றைக் கேமராவைத் தவிர.
அதுவும் பாதி நேரம் பந்தின் பின்னால் போயிருந்தது.
யாக்லியைப் பற்றி நான் பேச வாயெடுத்தபோது
சாண்ட்விச் வந்துவிட்டது.

ஏப்ரல் இரவு. நான்காவது இடம். நாங்கள்தான்.
கிரெய்டன் என்னைப் பார்த்தார்.
"உன் எண் என்ன, ஹ்ரூபி?"
இருபத்திரண்டு வருடமாக
அவர் அப்படிக் கேட்டதே இல்லை.
பத்து நிமிடக் கடிகாரம் இறங்கிக்கொண்டிருந்தது.
ஆறு புள்ளி எட்டு, என்றேன்.
குரல் என்னுடையதுதான்.
வாக்கியத்தை எங்கோ கேட்டிருந்தேன்.

பெயரை வாசித்தார்கள்.
பெரிய திரையில் அவன் அம்மா அழுதாள்,
மாமன்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள்.
அறையில் எல்லோரும் எழுந்து கைதட்டினோம்.
மேடையில் அவன்
நேராகக் கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தபோது
இடப்பக்கத்திலிருந்து யாரோ
எங்கள் சங்கத்துத் தொப்பியோடு வேகமாக வந்தார்கள்.

சிரிப்பு அங்கேயே நின்றது.
கண் ஓடிவிட்டது.

நான் கைதட்டிக்கொண்டே இருந்தேன்.